விளம்பரம் இல்லாவிட்டால் குறைவாக வாங்குவோமா?

விளம்பரம் நுகர்வோருக்குத் தகவல் தருகிறது என்று பாடப்புத்தகம் சொல்கிறது, தேவையில்லாததை வீணாக வாங்க வைக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். விளம்பரமே இல்லாவிட்டால் மனிதர்கள் குறைவாக வாங்குவார்களா, அப்படியானால் அதைத் தடைசெய்துவிட்டால் என்ன என்றும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது அந்தக் கடைசி வரிக்கான விடையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. விளம்பரத்தைப் பார்த்தவருக்கு முன்பைவிடக் கூடுதலாக ஏதாவது தெரிகிறதா என்பது ஒன்று. அவர் ஒரு நிறுவனத்தின் பொருளை விட்டு இன்னொன்றின் பொருளுக்கு மாறுகிறாரா என்பது இரண்டாவது. மொத்தத்தில் அவர் அதிகமாக வாங்குகிறாரா என்பது மூன்றாவது. முதலிரண்டுக்கும் நல்ல சான்றுகள் உள்ளன. மூன்றாவதில்தான் பலரும் உறுதியாகப் பேசுகிறார்கள், ஆனால் சான்று மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான்.

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டு உபயோகப் பொருள்களுக்கான விளம்பரங்களைச் சோதித்து அளக்கும் பணியில் இருந்தேன், பிறகு நுகர்வோர் பொருளியல் கற்பித்துவருகிறேன். பற்பசை, சலவைத்தூள், ஷாம்பு போன்றவற்றின் விளம்பரங்களை ஒளிபரப்புவதற்கு முன் சிலரிடம் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள், எதை மறந்தார்கள் என்று பதிவுசெய்வது என் வேலை. ஆகவே நான் நேரில் கண்டதெல்லாம் அடிக்கடி வாங்கப்படும் சிறிய பொருள்களைப் பற்றியதே. வீடு, கார், காப்பீடு போன்ற பெரிய முடிவுகளைப் பற்றி மற்றவர்களின் ஆய்வுகளை நம்பியே பேசுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். விலையைச் சொல்லும் விளம்பரம் வாங்குபவருக்கு நன்மை செய்கிறது. இதற்கு எல்லோரும் காட்டும் சான்று மூக்குக்கண்ணாடி. அமெரிக்காவில் 1960களில் சில மாநிலங்கள் கண்ணாடி விற்பவர்கள் விளம்பரம் செய்வதைத் தடைசெய்திருந்தன, சில மாநிலங்கள் அனுமதித்திருந்தன. ஒரே நாடு, ஒரே காலம், ஏறத்தாழ ஒரே பொருள், சட்டம் மட்டும் வேறு என்பதால் ஒப்பிட வசதியாக இருந்தது. 1963ஆம் ஆண்டின் விலைகளை வைத்து லீ பென்ஹாம் என்ற பொருளியலாளர் 1972இல் வெளியிட்ட ஆய்வில், தடை இருந்த மாநிலங்களில் விலை குறைந்தது கால் பங்காவது கூடுதலாக இருந்தது தெரியவந்தது. காரணம் எளியது. அடுத்த தெருவில் என்ன விலை என்று தெரியாதபோது, ஒவ்வொரு கடைக்கும் ஏறி இறங்கினால்தான் தெரியும். பெரும்பாலோர் அவ்வாறு அலைவதில்லை, அதைக் கடைக்காரரும் அறிவார். விளம்பரம் அந்த அலைச்சலை மிச்சப்படுத்தியது. விளம்பரம் செய்யும் கடைக்கு அதற்கான செலவு உண்டு, அந்தச் செலவும் விலையில்தான் ஏறும், ஆனாலும் மொத்த விலை இறங்கியது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மலிவான கண்ணாடி மோசமான கண்ணாடியாக இருந்திருக்கலாமே என்ற நியாயமான ஐயத்தையும் அந்நாட்டு வணிக ஆணையம் பின்னர் ஆராய்ந்தது. விளம்பரம் செய்யும் மருத்துவர்கள் உள்ள இடங்களில் கண் பரிசோதனையின் சராசரித் தரம் குறைந்ததாக அது காணவில்லை.

இரண்டாவது சான்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் அது விலையைப் பற்றியதன்று, அறிவைப் பற்றியது. நார்ச்சத்துள்ள உணவு நல்லது என்று அமெரிக்க அரசு நிறுவனங்களும் மருத்துவர்களும் 1970களிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் தானிய உணவு நிறுவனங்கள் அதை விளம்பரத்தில் நோயோடு இணைத்துப் பேச ஒழுங்குமுறை விதிகள் இடம்தரவில்லை. 1984இல் கெல்லாக் நிறுவனம் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு அத்தகைய விளம்பரத்தைத் தொடங்கியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். பாலின் இப்போலிட்டோவும் ஆலன் மாத்தியோஸும் 1990இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதன் பிறகே நார்ச்சத்து மிகுந்த தானியங்களை உண்பது தெளிவாகக் கூடியது. அரசின் அறிவுரை சென்று சேராத, கல்வி குறைந்த குடும்பங்களையும் அந்தச் செய்தி எட்டியது. துண்டறிக்கையைத் தேடிப் போய்ப் படிப்பவர் சிலர்தான். விளம்பரமோ படிக்க விரும்பாதவரின் கண்ணிலும் விழும். விளம்பரத்தை ஒட்டுமொத்தமாக வெறுப்பவர்கள் இந்த ஒரு நிகழ்வைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆனால் விளம்பரம் சொல்வதை வாங்குபவர் சரிபார்க்க முடியுமா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஃபிலிப் நெல்சன் என்ற பொருளியலாளர் 1970இல் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். துணியின் நிறம் போல வாங்குமுன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை ஒரு வகை, உணவின் சுவை போலப் பயன்படுத்திய பின் தெரிபவை மற்றொரு வகை. சில ஆண்டுகளில் வேறு இருவர் மூன்றாம் வகை ஒன்றையும் சேர்த்தார்கள். அது பயன்படுத்திய பிறகும் உண்மை தெரியாத வகை. சத்து மாத்திரை உண்மையில் வேலை செய்ததா, மாற்றிய உதிரிபாகம் மாற்றப்பட வேண்டியதுதானா என்பதெல்லாம் இதில் அடங்கும். முதல் வகையில் பொய் சொல்பவர் கடை வாசலிலேயே பிடிபடுவார். இரண்டாம் வகையில் ஒருமுறை ஏமாற்றலாம், மறுமுறை முடியாது. மூன்றாம் வகையில் பொய் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். லிஸ்டரின் வாய்க்கழுவி சளியைத் தடுக்கும் என்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விளம்பரம் செய்யப்பட்டது. அது உண்மையல்ல என்று விளம்பரத்திலேயே சொல்லும்படி அமெரிக்க வணிக ஆணையம் 1975இல் உத்தரவிட்டது, நீதிமன்றம் 1977இல் அதை உறுதிசெய்தது, ஒரு கோடி டாலர் விளம்பரச் செலவு முடியும்வரை அந்தத் திருத்தம் வர வேண்டியிருந்தது. அதன் பிறகும் மக்களின் நம்பிக்கை ஓரளவுதான் தளர்ந்தது. சளி பிடிக்காமல் போன நாளில் எதனால் பிடிக்கவில்லை என்று யாருக்குத் தெரியும்?

விவரம் தெரிந்தவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. அமெரிக்கக் குடும்பங்களின் கொள்முதல் பதிவுகளை வைத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், தலைவலி மாத்திரை வாங்கும்போது சராசரி நுகர்வோர் 26 விழுக்காடு அளவுக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தின் மாத்திரையை எடுத்தார்கள், மருந்தாளுநர்களோ 9 விழுக்காடுதான். மூலப்பொருள் ஒன்று, அளவு ஒன்று, பெட்டியும் விலையும்தான் வேறு. மருந்தாளுநருக்கு அது தெரியும். விளம்பரம் தகவல்தான் தருகிறது என்றால், அதை அதிகம் பார்த்தவர்கள் மருந்தாளுநரைப் போல நடந்துகொண்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இந்தப் பொருள்களில் அறியாமையைப் போக்குவதால் எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் லாபமில்லை, ஆகவே யாரும் போக்குவதில்லை.

இனி வீண் என்ற சொல்லுக்கு வருகிறேன். அதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த விவாதம் நூறு ஆண்டுகளாக முடியாமல் இருக்கிறது. முதலாவது, விளம்பரச் செலவே வீணாவது. பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1919லேயே, தகவல் தந்து உதவும் ஆக்க விளம்பரம், போட்டியாளரை மிஞ்சுவதற்கான போட்டி விளம்பரம் என்று பிரித்துக் காட்டினார். இரு நிறுவனங்கள் ஒன்றையொன்று மிஞ்சக் கத்தும்போது ஒன்றின் குரல் மற்றதன் குரலை அடித்துவிடுகிறது, இருவருக்கும் செலவு, சந்தையில் இருவரின் பங்கும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1971 ஜனவரி 2 முதல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் 1967 முதல், சிகரெட் விளம்பரம் போடும் நிலையங்கள் புகைப்பதற்கு எதிரான செய்திகளையும் இலவசமாக ஒளிபரப்ப வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் தலைக்கு இத்தனை சிகரெட் என்ற கணக்கு இறங்கிவந்தது. தடை வந்தபோது விளம்பரத்தோடு எதிர்ச்செய்தியும் பெரிதும் மறைந்தது. நிறுவனங்களுக்கு விளம்பரச் செலவு மிச்சமானது, புகைப்பதோ அடுத்த சில ஆண்டுகள் மீண்டும் சற்று ஏறியது. பாதித் தடையால் பெரிய பயனில்லை, எல்லா வழிகளையும் அடைக்கும் முழுத் தடையால் நுகர்வு குறைகிறது என்று 22 நாடுகளின் பதிவுகளை வைத்துப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. ஒரு வாசலை மூடினால் பணம் அடுத்த வாசலுக்குப் போகிறது என்பதே அதன் விளக்கம்.

விளம்பரத்தின் ஆற்றலை நாம் மிகையாக மதிப்பிடுகிறோம் என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். 1957இல் ஜேம்ஸ் விக்காரி என்பவர், திரையரங்கில் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் வாசகங்களைக் காட்டி விற்பனையைப் பெருக்கியதாக அறிவித்தார், உலகமே அஞ்சியது. 1962இல் அவரே அது வெறும் விளம்பர உத்தி என்று ஒப்புக்கொண்டார், ஆனாலும் அந்த அச்சம் மட்டும் இன்றும் புழங்குகிறது. இணையச் சந்தையான இபே நிறுவனம் தேடுபொறியில் தன் பெயரையே தேடுவோருக்குக் காட்டிய விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தபோது, கிட்டத்தட்ட அனைவரும் விளம்பரமல்லாத இணைப்பின் வழியே அதே தளத்துக்கு வந்துசேர்ந்தார்கள். அந்த விளம்பரங்களால் பயன்பட்டவர்கள் புதியவர்களும் அரிதாக வருபவர்களும்தான், செலவின் பெரும்பகுதியோ எப்படியும் வந்திருப்பவர்கள்மீது போனது. 288 பொருட்பெயர்களின் தொலைக்காட்சி விளம்பரங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வில், விளம்பரத்தை இரட்டிப்பாக்கினாலும் விற்பனை ஏறுவது பெரும்பாலும் ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. என் பணியிலும் இதைத்தான் கண்டேன். புதிய பொருளுக்கு விளம்பரம் பேசியது, எல்லோரும் அறிந்த பொருளுக்கு அது பெரும்பாலும் இருப்பதைக் காத்துக்கொள்ளும் வேலி.

இரண்டாம் வகை வீண்தான் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, அதாவது தேவைக்கு மேல் நுகர்வது. இதில் நான் ஒன்றை அருகில் பார்த்திருக்கிறேன், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு பற்பசை விளம்பரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். பார்த்தவர்களிடம் என்ன சொன்னது என்று கேட்டால், பல் வெண்மையாகும், வாய் மணக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், பாதிப் பேருக்கு நிறுவனத்தின் பெயரே நினைவில்லை. பிறகு ஒரு துலக்கியையும் பற்பசைக் குழாயையும் கொடுத்து, வீட்டில் போடுவது போலப் போட்டுக் காட்டச் சொன்னோம். ஏறத்தாழ ஒவ்வொருவரும் துலக்கியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீளமாகப் பிதுக்கி, நுனியில் ஒரு சுழி வைத்து முடித்தார்கள். திரையில் அந்தப் பற்பசை இருந்த வடிவம் அப்படியே அதுதான். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்குப் பட்டாணி அளவு போதும், மூன்று வயதுக்குக் குறைந்தால் அரிசி அளவு போதும் என்பது பல் மருத்துவர்களின் பரிந்துரை. பெரியவருக்கும் அந்த நீளப் பட்டை தேவையில்லை. விளம்பரத்தில் ஒரு சொல்கூட அளவைப் பற்றி இல்லை, ஆகவே அதில் பொய்யும் இல்லை, எந்த ஆணையமும் அதைத் திருத்தச் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை பேருக்கும் நினைவில் தங்கியது அந்த அளவுதான். அவர்கள் சொன்ன விடைகளைத் தாளில் குறித்துக்கொண்டிருந்த நான், கைகளைக் கவனித்த பிறகுதான் விளம்பரம் எங்கே வேலை செய்கிறது என்று உணர்ந்தேன்.

அன்றிலிருந்து நான் பார்க்கும் முறை மாறியது. எதை வாங்க வேண்டும் என்று சொல்வதில் விளம்பரம் பலவீனமானது, எவ்வளவு போதும் என்பதை நிறுவுவதில் வலிமையானது. சலவைத்தூளை மூடி நிறைய அள்ளிப் போடும் கை, ஷாம்புவை இருமுறை தேய்க்கும் தலை, தட்டின் விளிம்புவரை நிரம்பிய உணவு ஆகிய எல்லாம் இந்த வகை. கால அளவிலும் இதுவே நடக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1920களில் ஆண்டுதோறும் வடிவத்தை மாற்றும் வழக்கத்தைக் கொண்டுவந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரே பருவத்தில் பழையதாகிவிட்டது. இயந்திரம் தேயவில்லை, உரிமையாளரின் கண் தேய்ந்தது. புதிய வண்டியின் விளம்பரம் பழைய வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை, பக்கத்தில் நின்றாலே போதும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் யாரும் இல்லை என்பதை நான் மிகுந்த கவலையோடு பார்க்கிறேன். உங்களிடம் இருப்பதே இன்னும் ஐந்து ஆண்டு தாங்கும் என்று சொல்வதால் யாருக்கும் பெரிய வருவாய் இல்லை, ஆகவே அந்த உண்மைக்கு விளம்பரச் செலவு செய்ய ஆளில்லை. ஒவ்வொரு விளம்பரமும் தனித்தனியே உண்மை பேசினாலும், அவை சேர்ந்து காட்டும் உலகம் ஒரு பக்கம் சாய்ந்ததாகத்தான் இருக்கும்.

இனி ஐயத்துக்குரியது. மொத்த நுகர்வை விளம்பரம் கூட்டுகிறதா? பொருளியலாளர் ஜான் கென்னத் கால்பிரெய்த் 1958இல், உற்பத்தி தான் நிறைவேற்றும் விருப்பங்களைத் தானே உண்டாக்குகிறது, ஆகவே அவற்றை அவசரத் தேவை என்று கருதக் கூடாது என்று வாதிட்டார். இன்னொரு பொருளியலாளரான ஃபிரிட்ரிக் ஹயெக் 1961இல் பதிலளித்தார். பசி, உறைவிடம் போன்ற சிலவற்றைத் தவிர நம் விருப்பங்கள் எல்லாமே பிறரைப் பார்த்துக் கற்றவைதான், இசையும் இலக்கியமும்கூட அப்படித்தான், கற்றது என்பதால் அது அற்பமானது என்று ஆகாது என்றார். தர்க்கத்தில் ஹயெக் சொன்னதே சரி என்று கருதுகிறேன். ஆனால் கால்பிரெய்த் சுட்டிய ஏற்றத்தாழ்வு அந்த விடையால் மறையவில்லை. தனியார் பொருளுக்கு முழக்கம் உண்டு, தூய காற்றுக்கும் பொதுப் பூங்காவுக்கும் இல்லை. எண்களைப் பார்த்தால், அமெரிக்காவில் விளம்பரச் செலவு நெடுங்காலமாக நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 2 விழுக்காட்டைச் சுற்றியே நின்றிருக்கிறது. விற்பனையில் இத்தனை விழுக்காடு என்றே நிறுவனங்கள் விளம்பரத்துக்கு ஒதுக்குவதால், நுகர்வு ஏறும்போது விளம்பரமும் ஏறும். இரண்டும் சேர்ந்து ஏறுவதைக் காட்டி ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவின் 27 நாடுகளில் விளம்பரச் செலவு கூடிய பின்னர் மக்களின் வாழ்க்கை மனநிறைவு குறைந்தது என்று காட்டும் ஆய்வும் உண்டு. அதைப் பொருட்படுத்த வேண்டும், ஆனால் அது தொடர்பைக் காட்டுகிறதே தவிர காரணத்தை நிறுவவில்லை. ஆகவே விளம்பரம் இல்லாவிட்டால் மொத்தத்தில் குறைவாக வாங்குவோமா என்பதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ நேர்மையாகச் சொல்ல வழியில்லை. சில பொருள்களில் குறைவாகப் பிதுக்குவோம், சிலவற்றைத் தாமதமாக மாற்றுவோம், சிலவற்றுக்கு அதிக விலை கொடுப்போம் என்பதுவரை சொல்லலாம்.

தடையைப் பற்றி என் கருத்து, சொல்லப்படுவதை எடைபோட முடியாத குழந்தைகள் போன்றோரை நோக்கிப் பேசும் விளம்பரத்துக்கு அது நியாயமானது என்பதே. மூன்று முதல் ஐந்து வயதுள்ள 63 குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெறும் தாளிலும் மற்றதை மெக்டொனால்ட்ஸ் தாளிலும் வைத்துக் கொடுத்த ஆய்வு 2007இல் வெளியானது. அந்த நிறுவனம் அப்போது விற்காத கேரட்கூட அந்தத் தாளில் இருந்தபோதுதான் சுவையாக இருந்ததாகப் பலர் சொன்னார்கள். அந்த வயதில் விளம்பரத்துக்கும் உண்மைக்கும் நடுவே கோடு கிடையாது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1980 முதல் 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய விளம்பரத்தைத் தடைசெய்திருக்கிறது. அங்கே குழந்தைகள் உள்ள பிரெஞ்சு மொழிக் குடும்பங்கள் துரித உணவு வாங்குவது குறைந்ததாகப் பின்னர் ஆய்ந்தவர்கள் கண்டார்கள். ஆங்கிலம் பேசும் குடும்பங்களில் அந்த வேறுபாடு அவ்வளவு தெரியவில்லை, ஏனெனில் தடை செல்லாத வெளி நிலையங்களின் நிகழ்ச்சிகளையே அவர்கள் வீட்டுக் குழந்தைகள் பார்த்தார்கள். இப்போது குழந்தையின் கையிலுள்ள கைப்பேசிக்கு எந்த மாகாண எல்லையும் கிடையாது. ஆகவே தடை வேண்டும் என்பவர்கள் அந்தத் திரையில் யார் யாருக்கு எதைக் காட்டினார்கள் என்ற பதிவைப் பொதுவில் வைக்கக் கோருவதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அந்தப் பதிவு இல்லாமல் எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று யாரும் காட்ட முடியாது.